உப்புச் சோதனை முதல் ஹைட்ரோகார்பன் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருப்பதால், புதிதாகப் படிப்பவர்கள் முதலிலிருந்து வருவது நல்லது.

1. "சார், சால்ட்டுன்னா உப்பு, உப்புன்னா சோடியம் குளோரைடு. அப்புறம் லேப்ல எதுக்கு இத்தனை பாட்டில்?"

மின்சுமை உள்ள துகள்தான் அயனி. நேர் அயனியும் எதிர் அயனியும் சேர்ந்த எல்லாமே வேதியியலில் உப்புதான். மயில்துத்தம் உப்பு, படிகாரம் உப்பு, ஈயம் பூசுகிறவர் பயன்படுத்தும் நவச்சாரமும் உப்பு. சாப்பாட்டு உப்பு அந்தக் கூட்டத்தில் ஒன்று.

தண்ணீரில் கரைந்ததும் இரண்டு அயனிகளும் பிரிந்து தனித்தனியாக நடமாடத் தொடங்கும். குளோரைடு அயனி சோடியத்தோடு வந்ததா, பேரியத்தோடு வந்ததா என்பது சில்வர் நைட்ரேட்டுக்குத் தெரியாது. இரண்டிலும் ஒரே வெள்ளை வீழ்படிவுதான், அதாவது கரையாமல் பிரிந்து இறங்கும் திடப்பொருள். கொடுத்த உப்பில் எந்த இரண்டு அயனிகள் என்று கண்டுபிடிக்கும் பகுப்பாய்வே இந்த ஒரு வசதியால்தான் நடக்கிறது. பத்து நேர் அயனி, பத்து எதிர் அயனி என்றால் நூறு உப்புகள் சாத்தியம். ஆனால் நூறு சோதனைகள் தேவையில்லை, இருபது அயனிகளுக்கான சோதனைகள் தெரிந்தால் போதும்.

2. "அட்டவணையை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டாப் போதாதா?"

எந்தச் சோதனைக்கு எது தெரியும் என்று வரிசையாகச் சொல்லும் அந்த அட்டவணையால் மார்க் ஓரளவு வந்துவிடும். சோதனைக்குழாயில் அட்டவணையில் இல்லாத ஏதோ ஒன்று தெரியும்போதுதான் கை நின்றுபோகும். அதற்கு நான் சொல்லும் ஒரே பழக்கம் இது: எதைப் பார்த்தாலும் "இதே காட்சி வேறு எதனால் வரலாம்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு நீர் பால்போல மாறினால் கார்பன் டை ஆக்சைடு என்று எல்லாரும் எழுதுவார்கள். சல்பைட்டு உப்பிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடும் அதையே செய்யும். எரியும் கந்தக நெடி இருக்கிறதா, அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட் தாள் பச்சையாகிறதா என்று பார்த்தால்தான் வழக்கு தீரும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் அந்தத் தாளைப் பச்சையாக்கும் என்பதால், லெட் அசிட்டேட் தாள் கறுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

3. "பாட்டிலைப் பார்த்தவுடனே நிறத்தை வச்சே சொல்லிடலாமா?"

சந்தேகப்படலாம், முடிவு கட்டக் கூடாது. நீலம் என்றால் காப்பர், வெளிர் பச்சை என்றால் ஃபெரஸ், மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் ஃபெரிக் (இரண்டுமே இரும்பின் அயனிகள்), ரோஜா நிறம் என்றால் கோபால்ட், அதுவே மிக வெளிறியிருந்தால் மாங்கனீசு. ஆனால் மயில்துத்தத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரை விரட்டினால் வெள்ளைத்தூள்தான் மிஞ்சும், காப்பர் எங்கேயும் போயிருக்காது.

4. "ஆசிட் விட்டதும் நுரைச்சு வந்தா கார்பனேட். அவ்வளவுதானே?"

வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டுப் பார்க்கும் வரை அது பாதி பதில். சுண்ணாம்பு நீருக்கு எங்கும் அலைய வேண்டாம். வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் வெறும் சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கலக்கி, மூடி வைத்து, மறுநாள் மேலே நிற்கும் தெளிவை எடுத்தால் அதுதான். உறிஞ்சுகுழல் வழியாக அதில் மூச்சை ஊதிப் பாருங்கள், பாலாகும்.

ஊதிக்கொண்டே இருந்தால் பால் மறைந்து மறுபடி தெளிந்துவிடும். கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறியதுதான் காரணம். நிறைய மாணவர்கள் வாயுவை அளவுக்கு மீறி விட்டுவிட்டு "மாற்றமில்லை" என்று எழுதி மார்க்கை விடுகிறார்கள். தெளிந்த அந்தக் கரைசலைக் கொதிக்க வைத்தால் கார்பனேட் மீண்டும் வீழும்.

பைகார்பனேட் உப்பும் இதே நுரையைத் தரும். கரைசலில் குளிர்ந்த நிலையிலேயே மெக்னீசியம் சல்பேட் சேர்த்து வெள்ளை வந்தால் கார்பனேட். கொதிக்க வைத்த பிறகுதான் வருகிறது என்றால் பைகார்பனேட்.

5. "தம்பி, தரையில ஆசிட் ஊத்திக் கழுவலாமான்னு கேட்டா வீட்டுப் பிள்ளைக ஆளுக்கொண்ணு சொல்லுதுங்க. நீதான் கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே?" (பக்கத்து வீட்டு ஆச்சி)

வேண்டாம் ஆச்சி. நம் பழைய வீடுகளின் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பிடித்து அந்தச் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக இறுகியிருக்கும். இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்டேதான். இரண்டிலும் ஆசிட் பட்டால் 4ஆம் கேள்வியில் சொன்ன அதே நுரை கிளம்பும். நுரை அழுக்கிலிருந்து வருவதாகத் தோன்றும், உண்மையில் கல்தான் கரைந்துகொண்டிருக்கும். எலுமிச்சம்பழச் சாறு சிந்தினாலே சலவைக்கல்லில் மங்கலான தடம் விழுவது இதனால்தான்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடியின் மேல் நிறச் சாந்தை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக வைத்தது. சிமெண்டையும் ஆசிட் அரிக்கும். கண்ணாடி தந்த வழவழப்பு ஒரே கழுவலில் போய்விடும். அதைவிட முக்கியமான ஒன்று: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும்.

6. "குழாய்த் தண்ணியில சும்மா சில்வர் நைட்ரேட் விட்டாலே வெள்ளையா வருதே, அப்போ எல்லா சால்ட்டும் குளோரைடா?"

நல்ல கேள்வி, அதைவிட நல்ல கவனிப்பு. போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் உப்பை வாலைவடிநீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) கரைக்கச் சொல்கிறோம். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் குடிக்க அருமை, சோதனைக்கு அதுவும் வேண்டாம். கேன் தண்ணீரும் அப்படியே. சந்தேகமாக இருந்தால் உப்பே போடாமல் வெறும் தண்ணீரில் ஒரு சோதனை செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை வந்த பிறகும் வேலை முடியவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளை, அமோனியாவில் முழுதாகக் கரைகிறது என்றால் குளோரைடு. வெளிர் மஞ்சள், அமோனியாவில் அரைகுறையாகக் கரைகிறது என்றால் புரோமைடு. மஞ்சள், கரையவே இல்லை என்றால் அயோடைடு.

7. "எந்த டெஸ்ட்டுக்கும் முன்னாடி ஏதாவது ஒரு ஆசிட் விடச் சொல்றாங்க. அது எதுக்குன்னே புரியல."

2ஆம் கேள்விக்குச் சொன்னதுதான் இங்கே அமில வடிவத்தில் வருகிறது. பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட் வெள்ளையாக வீழும், கார்பனேட்டும் வெள்ளையாக வீழும், சல்பைட்டும் வீழும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் பின் இரண்டும் கரைந்துபோகும், பேரியம் சல்பேட் மட்டும் அசையாது. அமிலத்தின் வேலை போலிகளைக் களைவது.

எந்த அமிலம் என்பதிலும் கவனம் வேண்டும். சில்வர் நைட்ரேட் சோதனைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீங்கள் தேடும் குளோரைடை நீங்களே கொண்டுபோய்ப் போட்டதாகிவிடும். அங்கே நைட்ரிக் அமிலம்தான். உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்க வைத்து வடித்த சாற்றை எடுத்துச் சோதிக்கும்போது நுரை அடங்கும் வரை அமிலம் விடச் சொல்வதும் இதற்காகவே. மீந்திருக்கும் கார்பனேட் எல்லாவற்றோடும் வீழ்ந்து குழப்பும். அந்தச் சாற்றில் கார்பனேட்டைத் தேடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் வருடா வருடம் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

8. "எல்லாருக்கும் பழுப்பு வளையம் வருது சார், எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குது."

இது நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை. முதலில் ஃபெரஸ் சல்பேட் கரைசலைப் பாருங்கள். அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும். பழையது காற்றுப்பட்டு ஃபெரிக் ஆகி மஞ்சளடித்துப் போயிருக்கும். நைட்ரேட்டை நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்குவதும் ஃபெரஸ்தான், அந்த வாயுவோடு சேர்ந்து பழுப்பு அணைவாக நிற்பதும் ஃபெரஸ்தான். அது இல்லாவிட்டால் வளையத்துக்கு வழியில்லை.

அப்புறம் கை. அடர் சல்பியூரிக் அமிலத்தைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக, மெதுவாக இறக்க வேண்டும். அது கனமானது, அடியில் போய்த் தங்கும். இரண்டு திரவமும் சந்திக்கும் கோட்டில் வளையம் வரும். குலுக்கினால் கலந்து சூடேறி மறைந்துவிடும்.

புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்தில் தாங்களே நிறம் காட்டும் என்பதால் இருந்தால் முன்னதாகவே நீக்க வேண்டும். நைட்ரைட்டு நீர்த்த அமிலத்திலேயே பழுப்பு வாயு தரும். அதை முதலிலேயே பார்த்துவிட்டால் இங்கே ஏமாற மாட்டீர்கள்.

9. "சுடர் சோதனையில எனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது. கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?"

கண்ணில் ஒன்றுமில்லை, உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டும் கம்பியில்தான் சோடியம். விரல் வியர்வையில் இருக்கும் உப்பே போதும். சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் அவ்வளவு பிரகாசமானது, மற்ற நிறங்களை அமுக்கிவிடும். கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள்; நிறமே வராத வரை திரும்பச் செய்யுங்கள். உப்பையும் அதே அமிலத்தில் குழைத்து எடுப்பது, எளிதில் ஆவியாகும் குளோரைடாக மாறட்டும் என்பதற்காக.

கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, பொட்டாசியம் ஊதா. பொட்டாசியத்தை நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சோடியத்தின் மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா மட்டும் தெரியும். சிவகாசி மத்தாப்பின் நிறங்களும் இதே உலோகங்கள்தான். பச்சைக்குப் பயன்பட்ட பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இந்தச் சோதனையை முப்பட்டகத்தோடு சேர்த்து ஜெர்மனியின் ஹைடல்பர்கில் பன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியத்தையும், 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். நாம் ஒரு உப்பைக் கண்டுபிடிக்கத் திணறும் இடத்தில் அவர்கள் புதுத் தனிமத்தையே பிடித்தார்கள்.

10. "முதல் தொகுதி, ரெண்டாம் தொகுதின்னா பீரியாடிக் டேபிள்ல இருக்கிற குரூப்பா?"

சம்பந்தமே இல்லை. இது எந்தக் காரணி விட்டால் எது வீழ்படிவாகும் என்ற பிரிப்பு. பெரிய பொருளில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சலித்துத் தள்ளும் சல்லடை வரிசை மாதிரி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வீழ்வது முதல் தொகுதி. அமிலத்தில் ஹைட்ரஜன் சல்பைடுக்கு வீழ்வது இரண்டாவது. அமோனியம் குளோரைடும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் வீழும் இரும்பு, அலுமினியம் மூன்றாவது. அம்மோனியா கலந்த நிலையில் ஹைட்ரஜன் சல்பைடுக்கு வீழும் சிங்க், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் நான்காவது. அமோனியம் கார்பனேட்டுக்கு வீழும் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஐந்தாவது. கடைசியில் மெக்னீசியம்.

அமோனியம் அயனிக்கு இந்த வரிசையில் இடமில்லை. அதை எல்லாவற்றுக்கும் முன்னால், மூல உப்பிலேயே பார்த்துவிட வேண்டும். நடுவில் நாமே அமோனியம் உப்புகளைக் கொட்டுகிறோமே, அப்புறம் எங்கே தேடுவது?

11. "அதே ஹைட்ரஜன் சல்பைடை ரெண்டாவதுலயும் விடுறோம், நாலாவதுலயும் விடுறோம். ஒரே தடவையில விட்டா வேலை மிச்சம்தானே?"

வேலை மிச்சம், விடை குழப்பம். சல்பைடுகளின் கரைதிறன் பெருக்கத்தில், அதாவது கரைசலில் அயனிகள் எவ்வளவு சேர்ந்தால் வீழும் என்ற அளவில், பெரிய வித்தியாசம் இருக்கிறது. காப்பர் சல்பைடினது சிங்க் சல்பைடினதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு குறைவு. கரைசலில் அமிலம் இருக்கும்போது ஹைட்ரஜன் அயனி அதிகம். பொது அயனி விளைவால் ஹைட்ரஜன் சல்பைடு பிரிவது அமுங்கி, சல்பைடு அயனி மிகக் கொஞ்சமே கிடைக்கும். அந்தக் கொஞ்சமே காப்பருக்குப் போதும், சிங்க்குக்குப் போதாது. அம்மோனியா சேர்த்ததும் ஹைட்ரஜன் அயனி குறைந்து சல்பைடு பெருகும், சிங்க்கும் விழுந்துவிடும்.

இந்த வாயு விஷம். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், ஆகவே "இப்போ வாடை இல்லையே" என்பது பாதுகாப்புக்கு அடையாளம் கிடையாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

12. "அமோனியம் குளோரைடு முதல்ல, ஹைட்ராக்சைடு அப்புறம்னு சொல்றீங்க. மாத்திப் போட்டா என்ன ஆயிடும்?"

மெக்னீசியம், மாங்கனீசு, சிங்க் எல்லாம் ஹைட்ராக்சைடாக மூன்றாம் தொகுதியிலேயே வந்து நிற்கும். காரணம் முந்தைய கேள்வியில் பார்த்த அதே பொது அயனி விளைவு. முதலில் போட்ட குளோரைடு தரும் அமோனியம் அயனி, ஹைட்ராக்சைடு அயனியைக் குறைத்து வைக்கிறது. அந்தக் குறைந்த அளவுக்கு வீழக்கூடியவை இரும்பும் அலுமினியமும்தான்.

அதற்கு முன் கொதிக்க வைத்து நைட்ரிக் அமிலம் விடுவது ஃபெரஸை ஃபெரிக்காக மாற்ற. ஃபெரஸ் ஹைட்ராக்சைடு இந்த நிலையில் முழுதாக வீழாது. கொதிக்க வைப்பது மீந்த ஹைட்ரஜன் சல்பைடை விரட்ட. விட்டுவைத்தால் நைட்ரிக் அமிலம் அதைக் கந்தகமாக்கிக் கரைசலைக் கலங்கடிக்கும்.

இரும்பு கிடைத்தால் அதை உறுதி செய்வது இன்பமான வேலை. ஃபெரிக் கரைசலில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு விட்டால் கருநீலம், தயோசயனேட் விட்டால் இரத்தச் சிவப்பு. நம் பக்கத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி வடிகட்டி இதைச் செய்து பாருங்கள். மண் ஏன் சிவப்பு என்பது குழாயிலேயே தெரியும்.

13. "லெட் மட்டும் ஏன் முதல் தொகுதியிலயும் இருக்கு, ரெண்டாவதுலயும் இருக்கு?"

லெட், அதாவது காரீயம், தரும் லெட் குளோரைடு ஓரளவு கரையும். அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 1 கிராம், கொதிக்கும் நீரில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆகவே முதல் தொகுதியில் வீழாமல் தப்பியது இரண்டாவதில் கறுப்புச் சல்பைடாக மாட்டும். கரைசல் நீர்த்துப்போயிருந்தால் முதல் தொகுதியில் ஒன்றுமே வராமல்கூடப் போகலாம்.

வெள்ளை வீழ்படிவைக் கொதிநீரில் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு விட்டு ஆறவிட்டால் தங்கத்தகடு மாதிரி மின்னும் மஞ்சள் படிகங்கள் இறங்கும். இந்த லேப்பில் இதைவிட அழகான காட்சி இல்லை. முடிந்ததும் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

14. "வெள்ளையா வந்துச்சு, சோடியம் ஹைட்ராக்சைடு அதிகமா விட்டா கரைஞ்சும் போச்சு. அலுமினியமா, சிங்க்கா?"

இரண்டும் அப்படித்தான் செய்யும். இன்னொரு குழாயில் அம்மோனியா விட்டுப் பாருங்கள். அதிக அம்மோனியாவில் கரைந்தால் சிங்க், கூழாக அப்படியே நின்றால் அலுமினியம்.

15. "சிக்ரில பெரிய பெரிய மெஷின் இருக்காமே. அப்புறம் நாம ஏன் இன்னும் சோதனைக்குழாயை ஆட்டிட்டு இருக்கோம்?"

நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் கால் ஊன்றியது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். முலாம் பூசும் தொட்டியிலும் மின்கலத்திலும் அங்கே ஆராயப்படுவது நீங்கள் நான்காம் தொகுதியில் தேடும் அதே நிக்கல், சிங்க் அயனிகள்தான். கருவி எவ்வளவு இருக்கிறது என்று எண் சொல்லும். கரைசலில் எது எதோடு சேரும், எது எதைக் குழப்பும் என்பது தெரியாதவருக்கு அந்த எண்ணால் பெரிய பயனில்லை.

16. "குளோரோஃபார்ம்லயும் குளோரின் இருக்கு. சில்வர் நைட்ரேட் விட்டா ஏன் ஒண்ணுமே ஆகல?"

இங்கிருந்து கார்பன் பக்கம் போகிறோம். அயனிச் சோதனைகள் எல்லாம் 1ஆம் கேள்வியில் சொன்னபடி, கரைந்ததும் பிரிந்து நிற்கும் அயனிகளைப் பிடிப்பவை. குளோரோஃபார்மில் குளோரின் கார்பனோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சகப்பிணைப்பில் இருக்கிறது. குளோரைடு அயனி வெளியே வருவதில்லை. சோடியத்தோடு உருக்கி முதலில் அதை அயனியாக்க வேண்டும், அதுதான் லாசிகன் சோதனை.

வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் உள்ள ஹைட்ரோகார்பனில் பிடிப்பதற்கு அயனியே இல்லை. அங்கே நாம் தேடுவது பிணைப்பின் வகையை.

17. "ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன். ஒரு எழுத்துதான் மாறுது, வேற என்ன மாறுது?"

கார்பன்களுக்கு இடையில் ஒற்றைப் பிணைப்பு மட்டும் என்றால் ஆல்கேன், எங்காவது ஓர் இரட்டைப் பிணைப்பு என்றால் ஆல்கீன், முப்பிணைப்பு என்றால் ஆல்கைன். ஆல்கேனில் கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டு கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை. ஆல்கீனில் இரட்டித்தால் போதும். ஆல்கைனில் இரட்டித்து இரண்டு கழிக்க வேண்டும்.

ராமநாதபுரம் பக்கம் பூமியிலிருந்து எடுக்கும் இயற்கை வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது மைனஸ் 162 டிகிரியில்தான் திரவமாகும். சமையல் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் மைனஸ் 42இலும், பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலும் கொதிக்கும். அதனால்தான் இவற்றைச் சாதாரண வெப்பத்திலேயே அழுத்தித் திரவமாக்கி 14.2 கிலோ வீட்டுக்கு அனுப்ப முடிகிறது. இவை எதற்கும் வாடை கிடையாது. கசிவில் வரும் நாற்றம் எத்தில் மெர்காப்டன், வேண்டுமென்றே சேர்ப்பது.

18. "ஒரே ஃபார்முலாவுக்கு எப்படி சார் மூணு பேர் வரும்?"

பென்டேனைத்தானே கேட்கிறீர்கள்? ஐந்து கார்பனையும் நேராகக் கோத்தால் சாதாரண பென்டேன், 36 டிகிரியில் கொதிக்கும். ஒரு கிளை விட்டால் ஐசோபென்டேன், 28 டிகிரி. நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி நான்கை மாட்டினால் நியோபென்டேன், 9.5 டிகிரி. உருண்டையாக ஆக ஆக மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைகிறது, ஈர்ப்பு குறைகிறது, கொதிநிலை இறங்குகிறது. காரைக்குடி வெயிலில் நியோபென்டேன் வாயுவாகத்தான் இருக்கும்.

இப்படி ஒரே ஃபார்முலாவில் வேறு வேறு அமைப்பு வருவதுதான் மாற்றியம். ஆறு கார்பனுக்கு 5 மாற்றியம், பத்துக்கு 75. எழுதிப் பார்க்கும்போது வளைத்து வரைந்ததைப் புதிது என்று எண்ணிவிடாதீர்கள். பெயரிட்டுப் பாருங்கள், பெயர் ஒன்றானால் சேர்மமும் ஒன்றுதான்.

19. "புரோமின் நீர்ல நிறம் போயிடுச்சு, ஆல்கீன்னு எழுதினேன். சார் தப்புன்னுட்டாங்க. ஏன்?"

2ஆம் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ஃபீனாலும் அனிலீனும் புரோமின் நிறத்தைப் போக்கும், கூடவே வெள்ளை வீழ்படிவும் தரும். ஆல்கேன்கூட வெயிலில் வைத்தால் நிறம் போக்கும். ஆனால் அங்கே நடப்பது பதிலீட்டு வினை, ஹைட்ரஜன் புரோமைடு புகை வரும். ஆல்கீன் நிழலிலேயே, சட்டென்று, புகையில்லாமல் புரோமினைச் சேர்த்துக்கொள்ளும். பேயர் காரணியில் (காரம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்) ஊதா மறைந்து பழுப்பு மாங்கனீசு டை ஆக்சைடு வருவதும் சரியான சோதனைதான், ஆனால் ஆல்டிஹைடும் அதைச் செய்யும்.

நல்லெண்ணெயும் நிறம் போக்கும். அது ஹைட்ரோகார்பன் இல்லை, ஆனால் அதன் கொழுப்பமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உண்டு. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று காட்டும் அயோடின் மதிப்பு நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல், தேங்காயெண்ணெயினது ஏறக்குறைய 6 முதல் 11. மார்கழிக் குளிரில் எது உறைகிறது என்று அடுப்படியில் பார்த்திருப்பீர்கள்.

20. "பென்சீன்ல மூணு இரட்டைப் பிணைப்பு இருக்கே, அது ஏன் புரோமின் நீரைக் கண்டுக்கவே மாட்டேங்குது?"

மூன்று என்று வரைகிறோம், இருப்பது அப்படியில்லை. ஈத்தேனில் கார்பன்களின் இடைவெளி 154 பிக்கோமீட்டர், எத்திலீனில் 134. பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே 139. ஆறு எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருப்பதால் கிடைக்கும் நிலைத்தன்மையைப் புரோமினுக்காக அது விட்டுக்கொடுப்பதில்லை. ஃபாரடே 1825இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். கெக்குலே வளைய அமைப்பைச் சொன்னது 1865இல். நாற்பது வருடம் பெரியவர்களுக்கே பிடிபடாத விஷயம், ஒரு பீரியடில் பிடிபடவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

21. "ஹைட்ரஜன் அதிகமா இருக்கிற கார்பனுக்குத்தான் ஹைட்ரஜன் போகும்னு மார்கோனிகாஃப் சொன்னார். ஏன் போகணும்?"

அவர் கவனித்ததைச் சொன்னார், காரணம் பின்னால் வந்தது. புரோப்பீனில் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது முதலில் ஹைட்ரஜன் அயனி ஒட்டுகிறது, ஒரு கணம் கார்பன் நேர் அயனி உருவாகிறது. நடுக் கார்பனில் நேர் மின்சுமை இருந்தால் இருபக்கமும் உள்ள மெத்தில் தொகுதிகள் அதைத் தாங்கும். ஓரத்தில் இருந்தால் அந்த ஆதரவு குறைவு. ஆகவே நடு அயனி உருவாகி, புரோமைடு அங்கே போய்ச் சேர்கிறது.

பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு மட்டும் எதிர்த்திசையில் சேரும், ஏனெனில் அப்போது வழி அயனி வழியல்ல, இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்பின் வழி. இதைக் காட்டியவர் கராஷ், 1933இல். ஹைட்ரஜன் குளோரைடுக்கும் இதை எழுதி மார்க்கை இழக்காதீர்கள்.

22. "வெல்டிங் கடையில இருக்கிற கார்பைடு கல்லு உப்பா, ஹைட்ரோகார்பனா? ரெண்டு பாடத்துலயும் வருதே?"

அந்தக் கல் ஓர் உப்புதான், அதில் தண்ணீர் பட்டால் வருவது ஹைட்ரோகார்பன். கால்சியம் நேர் அயனி, இரண்டு கார்பன் முப்பிணைப்பில் சேர்ந்த கார்பைடு எதிர் அயனி. நீரிலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு அந்த எதிர் அயனி அசிட்டிலீனாக வெளியேறும், மிச்சம் நீற்றிய சுண்ணாம்பு. 1862இல் வோலர் இதைச் செய்து காட்டினார். பூண்டு மாதிரி வரும் வாடை அசிட்டிலீனுடையது இல்லை, கலந்திருக்கும் பாஸ்பீனுடையது. இந்த வாயுவால் பழம் பழுக்க வைப்பதை 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன.

மிஞ்சிய கலங்கலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் ஐந்தாம் தொகுதியில் கால்சியம் கிடைக்கும், சுடரில் செங்கல் சிவப்பு. வாயுவை அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டில் விட்டால் வெள்ளை வீழ்படிவு. உடனே யாராவது "குளோரைடு!" என்பார்கள். 6ஆம் கேள்வியைப் பாருங்கள்: சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைந்துவிடும், ஆகவே இந்தக் கரைசலில் அது வெள்ளையாக நிற்க முடியாது. இது சில்வர் அசிட்டிலைடு. காய்ந்தால் தட்டினாலே வெடிக்கும் பொருள். வடிதாளில் எடுத்து உலர வைக்காமல், ஈரமாக இருக்கும்போதே நீர்த்த அமிலம் விட்டு அழித்துவிட்டுக் குழாயைக் கழுவுங்கள்.